வெறுமையாகக் கிடந்த நாலு பைட்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்து நேராக வராது. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது இன்னொன்று மறந்துவிடும், பிறகு ஞாபகம் வந்தால் வந்த இடத்திலேயே எழுதிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்து வரும்போது வேதக்கோயில் வாசலில், "உங்கட மகள் வீட்டிலயே இருந்து என்ன வேலை செய்யிறா?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு வாய் எழாது. தாளில் என்றால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் கொழும்பில் ஒரு கந்தோரில் கம்பியூட்டர் வேலை செய்தவள். எனக்குக் கண்ணில் புரை வெட்டியபோது இருபத்தொரு நாள் லீவு போட்டு எங்கள் ஊர் வங்காலைக்கு வந்தாள். சொட்டு மருந்து விட்டு, நான் அடுப்புக்குக் கிட்டப் போகாமல் மறித்து, மூன்று கிழமையில் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. அவளுடைய அப்பா காலமான பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். "உங்களைத் தனிய விட்டுட்டு அங்க போய் நான் என்னத்தைச் செய்யிறது?" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் இருக்கிறவர்களோடு வேலை. ஆறு மாதம் செய்து காட்டு, பிறகு நிரந்தரமா இல்லையா என்று சொல்கிறோம் என்றுதான் எடுத்தார்கள். இல்லை என்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பழைய கந்தோரில் அவளுக்கென்று கதிரையையும் வேலையையும் இன்னும் வைத்திருந்தார்கள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அவள் வேலை செய்கிற இடத்துக்குக் கேர்னல் என்று பெயர். இடம் என்று எழுதிவிட்டேன், அது இடம் இல்லை, ஒரு நிரல், கம்பியூட்டருக்கு எழுதி வைக்கிற கட்டளைகள். கம்பியூட்டரில் படம் பார்க்கிறோம், கடிதம் எழுதுகிறோம், அதெல்லாம் மேலே நடக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து, யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று பங்கிட்டுக் கொடுப்பது இந்தக் கேர்னல்தான். அது ஒழுங்காக இருக்கும்வரை ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. உலகத்தின் பல மூலைகளில் இருந்து பலர் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தர் எழுதியதை மற்றவர்கள் வாசித்துக் குறை சொல்லி, குறை தீர்ந்த பிறகுதான் சேர்ப்பார்கள். மகள் எழுதியதைச் சேர்க்கிற பொறுப்பு ஒரு மனிதரிடம் இருந்தது. போனில் அவருடைய குரல் எனக்குக் கேட்கும். மெதுவாகப் பேசுவார், தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. நான் மனதுக்குள் அவரைப் பெரியவர் என்று சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாவது மாதத்தில் மகள் ஒரு மாற்றம் செய்தாள். வெளியிலிருந்து வருகிற செய்திகள் கேர்னலுக்குள் வரிசையில் சேருமாம். எத்தனை சேர்ந்தன என்று எண்ணிக்கொண்டிருக்க ஒரு சின்ன எண் வேண்டும். அவ்வளவுதான். அந்த எண்ணை வைப்பதற்கு அவள் ஒரு நல்ல இடமும் கண்டுபிடித்திருந்தாள். தகவல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு அடுக்கில் வைப்பார்கள். எட்டு பைட் நீளமான சாமான் எட்டின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்கு ஒரு பிடிவாதம். அதனால் சில இடங்களில் நாலு பைட் வெறுமையாக விழும். பைட் என்றால் ஒரு எழுத்து வைக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வெறுமையாகக் கிடந்த நாலு பைட்டில் மகள் தன்னுடைய எண்ணைச் செருகிவிட்டாள். அடுக்கு ஒரு பைட்டும் வளரவில்லை.

அன்று தோசை சுட்டுக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"ஒரு துளி இடமும் வீணாகேல்லை அம்மா. அங்க சும்மா கிடந்த ஓட்டைக்குள்ளயே வைச்சிட்டன்."

"கெட்டிக்காரி" என்றேன். எனக்கு விளங்கியது அந்த ஒன்றுதான். வீணாகவில்லை.

ஆறாவது மாதம் தொடங்கின பிறகு பெரியவரும் நேர்த்தியாக இருக்கிறது என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

பத்து நாள் போயிருக்கும், ஒரு கடிதம் வந்தது. அதை எழுதியது மனிதர் இல்லை. புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பெரிய இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்து, குறை கண்டால் தானாகவே கடிதம் அனுப்புகிற ஒரு இயந்திரம். இந்த மாற்றம் சேர்ந்த நாளிலிருந்து வேகம் நன்றாக விழுந்துவிட்டது என்று அது எழுதியிருந்தது. அதற்குக் கீழே பெரியவர் தன் பாட்டுக்கு ஒரு வரி போட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் இதை எடுத்துவிடுகிறேன்.

அது ஆறாவது மாதத்தின் கடைசிக்கு முந்தின கிழமை. முடிவு சொல்கிற நேரத்தில், செய்து காட்டிய பெரிய வேலை எடுக்கப்பட்டுக் கிடந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கே விளங்கியது.

மகள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன். அடுத்த தேத்தண்ணியோடு போகும்போது முதலாவது ஆறி ஆடை பிடித்துக் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு வருவேன். வியாழக்கிழமை கேட்டேவிட்டேன்.

"என்ன பிள்ளை, என்னதான் பிழையாம்?"

"அதுதான் தெரியேல்லை அம்மா. என்ட மெசின்ல ஓட்டினா ஒரு பிழையும் இல்லை. இதுக்குள்ள வேலை செய்யிறது நாலு பேர். அங்க பெரிய மெசின்ல நூறு பேருக்கு மேல. அவ்வளவு பேர் சேரேக்கதான் இழுபடுது."

"பேர் எண்டா?"

"ஆக்கள் இல்லை அம்மா. கணக்குப் பார்க்கிற சில்லு. ஆக்கள் எண்டே வையுங்கோவன்."

நான் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரு பெட்டிக்குள் நூறு பேர் இருந்து வேலை செய்கிறார்கள்.

தூரத்தில் உள்ள பெரிய இயந்திரம் ஒன்றை ஒவ்வொரு நாளும் சில மணித்தியாலம் பாவிக்க அவளுக்கு விட்டிருந்தார்கள். எண்ணுகிற விதத்தை மாற்றிப் பார்த்தாள். எண்ணுகிற கட்டளையை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. யார் எந்த இடத்தில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு கருவியும் இருக்கிறது. அதை ஓடவிட்டாள். அது காட்டியது அவளுடைய எண்ணை அல்ல. பக்கத்தில் கிடந்த பழைய குறி ஒன்றை.

"இதைப் பாருங்கோ" என்று திரையைக் காட்டினாள், எனக்கு என்னவோ தெரியும் போல. "இந்தக் குறி, வாற செய்தி எந்தப் பக்கம் போகவேணும் எண்டு சொல்லுற குறி. எல்லாரும் இதைப் பார்க்கத்தான் பார்ப்பாங்கள். ஒருத்தரும் மாத்துறேல்லை. மெசின் தொடங்கேக்க ஒருக்கா எழுதினது, அவ்வளவுதான். அப்ப ஏன் எல்லாரும் இதில வந்து காத்துக்கொண்டு நிக்கிறாங்கள்?"

பாவம், அந்தக் குறியில் என்ன பிழை இருக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. அது தன் பாட்டில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பக்கத்து வளவில் இருக்கிற என் மச்சாள், மகளின் அப்பாவுடைய அக்கா, பின்னால் வந்து நின்றதைக் காணவில்லை.

"அந்தோனியாருக்கோ? என்ன தொலைஞ்சது மச்சாள்?"

"வேகம்" என்றேன்.

மச்சாள் கோயில் என்றும் பாராமல் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு திரியை எடுத்துக் கொளுத்தினாள். "வேகம் எண்டு நான் கேக்க மாட்டன். பிள்ளைக்காக எண்டு கேக்கிறன். அவருக்கு விளங்கும்" என்றாள்.

மச்சாள் வீட்டாருக்கு நண்டு வலை. சனிக்கிழமை காலையில் போட் வந்ததும் நான் வழக்கம்போலக் கைகொடுக்கப் போனேன். கண் வெட்டிய பிறகு கனம் தூக்க விடமாட்டார்கள், ஆனால் நைலோன் நூலால் பின்னின தங்கூசி வலையில் சிக்கின நண்டைக் கழட்ட என்னை விட்டால் ஆள் இல்லை என்று மச்சாள் சொல்லுவாள். நண்டின் கால் உடையக் கூடாது, உடைந்தால் வாங்குகிறவர்கள் கழித்துவிடுவார்கள். நாங்கள் ஒரே வலையில் இரண்டு பேர் இருப்பதென்றால் பக்கத்தில் பக்கத்தில் இருக்க மாட்டோம். நடுவே ஒரு பாய் அகலத்துக்கு வலையைத் தளர்த்தி வெறுமையாக விட்டுவிடுவோம். அவள் நண்டு வேறு, என் நண்டு வேறு. ஆனாலும் வலை ஒன்றுதானே. நடுவில் தளர்ச்சி இல்லாவிட்டால் அவள் தன் நண்டுக்கு இழுக்கிற இழுவை என் மடியில் வந்து நிற்கும், நான் பிடித்திருக்கிற நண்டின் கால் போய்விடும். இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. இருந்து பழகினது.

மகள் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. எங்களுக்கு ஊற்றித் தந்துவிட்டு, சும்மா நிற்க மனமில்லாமல், நடுவில் இருந்த அந்த வெறும் வலையில் வந்து குந்தினாள். சின்ன வயதில் இருந்தே அவளைப் படிக்க விட்டோம், வலைக்கு விட்டதில்லை. அங்கே ஒரு சின்ன நண்டு கிடந்தது. அதைக் கழட்டுவம் என்று வலையைத் தன் பக்கம் இழுத்தாள். என் கையில் இருந்த பெரிய நண்டின் கால் படக்கென்று போனது. அந்தப் பக்கம் மச்சாளின் விரலைக் கொடுக்கு கவ்விவிட்டது.

"எடி மருமகளே!" மச்சாள் கத்தினாள். "கடற்கரை முழுக்க இடம் கிடக்க, இதுக்குள்ளதான் வந்து குந்தவேணுமோ?"

"சும்மாதானே கிடந்தது மாமி."

"சும்மா கிடக்கட்டும் எண்டுதான் விட்டது. படிச்ச பிள்ளை, இது தெரியேல்லை."

மச்சாள் பகிடியாகத்தான் சொன்னாள். விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து அந்தச் சொல் வந்திருக்க வேண்டாம். மகள் எழும்பி, மண்ணைத் தட்டி, "மன்னியுங்கோ மாமி" என்று சொல்லிவிட்டுப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் அப்பிடிப் பேசியிருக்க வேண்டாம் மச்சாள்" என்றேன். நான் அவளை எதிர்த்துச் சொன்ன சொல் என்று எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒன்றுதான்.

மத்தியானம் நான் வீட்டுக்குப் போனபோது மகள் மேசையில் இல்லை. நிலத்தில் இருந்தாள். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அந்த அடுக்கை முழுவதும் எழுதி, அறுபத்து நாலு பைட்டுக்கு ஒரு கோடு கீறியிருந்தாள். என்னைக் கண்டதும், "அம்மா, வாங்கோ, பிடிச்சிட்டன்" என்றாள்.

அவள் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். அந்த நூறு பேருக்கும் பொதுவாகத் தூரத்தில் ஒரு பெரிய களஞ்சியம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கே நடக்க முடியாது என்று ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் ஒரு சின்ன மேசை வைத்திருக்கிறார்கள். அதற்குக் கேஷ் என்று பெயர். களஞ்சியத்திலிருந்து ஒரு பைட் வேண்டும் என்றாலும் ஒரு பைட்டாக எடுக்க முடியாது, அறுபத்து நாலு பைட் சேர்ந்த ஒரு தட்டாகத்தான் எடுக்கலாம். அந்தத் தட்டுக்குக் கேஷ் லைன். நூறு பேரும் ஒரே தட்டின் பிரதியைத் தங்கள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் ஒருத்தர் தன் தட்டில் ஏதாவது ஒன்றை மாற்றி எழுதினால், மற்ற எல்லாருடைய தட்டும் அந்தக் கணமே பழசாகிவிடும். எல்லாரும் எறிந்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். அவர் மாற்றியது அவர்களுக்குத் தேவையில்லாத மூலையாக இருந்தாலும் எறியத்தான் வேண்டும். ஏனென்றால் இயந்திரத்துக்குத் தட்டுத்தான் தெரியும், மூலை தெரியாது.

மகள் தன் எண்ணைச் செருகிய நாலு பைட், அந்தப் பழைய குறி இருந்த தட்டிலேயே இருந்தது. செய்தி வரவர எண் மாறும். எண் மாறமாற, குறியைப் பார்த்துக்கொண்டிருந்த நூறு பேரின் தட்டும் பறிபோகும். குறியில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கக் களஞ்சியம் வரைக்கும் போக வேண்டும். அதனால்தான் கருவி அந்தக் குறியைக் குற்றம் சொன்னது. உண்மையில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லை, பொது என்று இயந்திரம் நினைத்துக்கொள்கிறது. அதற்கு ஃபோல்ஸ் ஷெயரிங் என்று ஒரு பெயரும் உண்டாம்.

"மாமிக்குச் சொல்லுங்கோ" என்றாள். "எண்ணை வைச்சதும் நான் போய்க் குந்தின மாதிரி இடத்திலதான்."

வலையில் கண்டுதான் அவள் பிடித்தாள் என்று மச்சாள் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மகள் அப்படி இல்லை என்கிறாள். கடற்கரைக்கு வரும்போதே கோடு கீறிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாளாம், வலையைப் பற்றிப் பிறகுதான் யோசித்தாளாம். நான் மகளை நம்புகிறேன். மச்சாளுக்கு அதைச் சொல்லவில்லை.

ஆனால் அன்று எனக்கு மனதில் வேறொன்று குத்தியது. சண்டைக்குள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்களிடம் ஒரே ஒரு தகர றங்குப் பெட்டி. எதைக் கொண்டுபோகலாம் என்பது அந்தப் பெட்டிக்குள் எது கொள்ளும் என்பதைப் பொறுத்தது. கோப்பைக்குள் ஊசிநூல், சப்பாத்துக்குள் மிளகாய்த்தூள், சட்டைக் கைக்குள் மெழுகுதிரி. மகளின் கை சின்னது. "எங்க ஓட்டை கண்டாலும் ஒண்டைச் செருகு, வெறுமையா ஒரு இடமும் விடாதை" என்று நான் சொல்லச் சொல்ல அவள்தான் செருகுவாள். மூன்று தரம் அப்படி வீடு விட்டு வெளிக்கிட்டிருக்கிறோம். அவளுக்கு அது பழகிவிட்டது. இன்றைக்கும் அவளுடைய அலுமாரியில் ஒரு விரல் நுழையாது.

"நான்தான் உனக்குப் பிழையாப் பழக்கிப் போட்டன்" என்றேன்.

"என்னத்தை?"

"றங்குப் பெட்டியை."

அந்தக் கிழமையில் அவள் முதல்தரம் சிரித்தாள். "அய்யோ அம்மா. அதில ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெட்டியைத் திறக்கிறது நீங்கள் ஒருத்தர். இது ஒரே நேரத்தில நூறு பேர் கை வைக்கிற பெட்டி. நான்தான் ரெண்டும் ஒண்டு எண்டு நினைச்சிட்டன்."

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. காரணம் பிடிபட்டது, ஆனால் திருத்த வேண்டும். எண்ணுக்கென்று தனியாக ஒரு முழுத் தட்டு ஒதுக்கி, மிச்சத்தை வெறுமையாக விட்டாள். நாலு பைட்டுக்கு அறுபத்து நாலு. எழுதும்போது, "கை கூசுது அம்மா" என்றாள். பெரிய இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தாள். வேகம் திரும்பி வந்துவிட்டது. சனிக்கிழமை பின்னேரமே பெரியவருக்கு அனுப்பினாள். எனக்கு வலது கண்ணில் அந்த நேரம் கொஞ்சம் நீர் வடிந்துகொண்டிருந்தது, அதற்கும் மருந்து விட்டாள். இது ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, ஞாபகம் வந்தது.

ஞாயிறு பூசையால் வர, பதில் வந்திருந்தது. காரணம் சரி, திருத்தம் சரியில்லை என்று பெரியவர் எழுதியிருந்தார். அந்த அடுக்கு ஒரு இயந்திரத்தில் ஒன்று மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு தட்டு வளர்ந்தால் இடம் எங்கே போவது? மகள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"மனிசன் ஒரு வழிக்கும் வாறார் இல்லை. செருகினாலும் பிழை, விட்டாலும் பிழை."

"வேற ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டேன். மெதுவாகப் பேசுகிற மனிதர் குறையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த மாட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவள் திரும்ப வாசித்தாள். கீழே ஒரு கேள்வி இருந்தது. அந்த எண்ணை மாற்றுகிறவர் அதே நேரத்தில் வேறு எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்?

கோபத்தில் அவள் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தாள். பிறகு கலண்டர் தாள்களைத் திரும்ப நிலத்தில் விரித்தோம். யாராவது அடிக்கடி மாற்றி எழுதுகிறது எல்லாவற்றுக்கும் சிவப்பு, பார்க்க மட்டும் செய்கிறதுக்கு நீலம், எப்போதாவது மட்டும் தேவைப்படுகிறதுக்கு ஒன்றும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல நான் நிறம் தீட்டினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கலர்ப் பென்சிலை நான் கையில் பிடித்தது அன்றுதான். கோட்டுக்கு வெளியே போய்விடுமோ என்று பயந்து பயந்து தீட்டினேன்.

முடிந்ததும் எனக்கே தெரிந்தது. நீலத்தட்டின் நடுவில் ஒரே ஒரு சிவப்பு, அது அவளுடைய எண். இரண்டு தட்டுக்கு அப்பால் ஒரு தட்டு கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பு. அது வரிசையில் ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும் கை வைக்கச் செய்கிற பூட்டு இருக்கிற தட்டு. செய்தியை வரிசையில் சேர்க்கிறவர் முதலில் அந்தப் பூட்டை எடுக்க வேண்டும், வரிசையின் நீளத்தையும் கடைசி இடத்தையும் மாற்ற வேண்டும். அதெல்லாம் அந்தத் தட்டிலேயே இருந்தது. எண்ணை மாற்றுகிறவரும் அதே ஆள், அதே நேரம். அவருடைய கையில் அந்தத் தட்டு ஏற்கனவே இருக்கிறது.

"அங்க வைச்சா ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்றாள். "எப்பிடியும் அந்தத் தட்டை அவர் எடுத்துத்தானே ஆகவேணும்."

ஆனால் அந்தத் தட்டில் நாலு பைட் இடம் இல்லை. நிறம் தீட்டாத ஒன்று மட்டும் அங்கே கிடந்தது, இயந்திரம் தொடங்கும்போது ஒருதரம் எழுதிவிட்டு அதன் பிறகு மாற்றாத ஒரு அடையாள இலக்கம். அதுவும் நாலு பைட்தான். மகள் அதைத் தூக்கி, நீலத்தட்டில் தன் எண் இருந்த ஓட்டைக்குள் வைத்தாள். மாறாதது மாறாதவற்றோடு. தன் எண்ணைக் கொண்டுபோய்ப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டுக்கும் வீடு மாற்றினதுதான். அடுக்கு ஒரு பைட்டும் வளரவில்லை.

அனுப்பிய பிறகு அவள் சாப்பிட்டாள். மீன் குழம்பும் சோறும். இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஒன்றும் வரவில்லை. அங்கே அப்போது விடிந்திருக்காது என்றாள். பத்து மணிக்கு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, அந்தோனியார் வந்தவரோ?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று கையைக் காட்டினேன். மத்தியானம் நான் உடுப்புத் தோய்த்தேன். தோய்த்த உடுப்பைத் திரும்பத் தோய்த்ததைக் காயப்போடும்போதுதான் கண்டேன். மகள் வேலை செய்கிற சத்தம் உள்ளே கேட்கவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. அவள் போனால் கொழும்புக்குப் பஸ் ஏற்றி அனுப்ப வேண்டும், ஏற்றும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணி போல, "அம்மா" என்று கூப்பிட்டாள்.

முதலில் அந்த இயந்திரத்தின் கடிதம். வேகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பெரியவரின் கடிதம். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டாராம். இதே பிழையைத் தானும் முன்பு ஒருதரம் செய்ததாகவும், பல நாள் தேடியதாகவும் எழுதியிருந்தார். அந்த மனிதரும் எங்கேயோ ஒரு மேசையில் இப்படித் தேத்தண்ணி ஆறவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார் என்று நினைக்க எனக்கு அவர் மேல் இருந்த பயம் போய்விட்டது. பிறகு, நீலத்தட்டின் பக்கத்தில் நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார், இனி வருகிறவர்கள் அங்கே எதையும் செருகாமல் இருக்க. கடைசியாக, இந்த அடுக்கை இனி நீயே பொறுப்பாகப் பார்த்துக்கொள், உன் பெயரைப் போடுகிறேன் என்று இருந்தது.

"பெயரைப் போடுறன் எண்டா?" என்று கேட்டேன். எனக்கு ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டால்தான் நம்பிக்கை.

"எண்டா, நான் போகேல்லை அம்மா."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். நான் உள்ளே நின்று, அவள் திரும்பி வரும்போது என் முகம் எப்படி இருந்தால் நல்லது என்று தெரியாமல், மேசையில் ஆறிக் கிடந்த தேத்தண்ணியை எடுத்து நானே குடித்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அவள் குறிப்பை எழுதினாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. என்ன எழுதினாய் என்று கேட்டதற்குத் தமிழில் சொன்னாள். 'இந்தத் தட்டை எல்லோரும் எப்போதும் வாசிக்கிறார்கள். அடிக்கடி மாறுகிற எதையும் இங்கே வைக்க வேண்டாம்.' நிரந்தரக் கடிதம் பிறகு வந்தது, எத்தனை நாளில் என்று ஞாபகம் இல்லை.

இவ்வளவுதான். மேலே எழுதியதில் பைட் நாலா எட்டா, பூட்டு எத்தனையாவது தட்டில் இருந்தது, வீடு மாற்றி வைத்தது இலக்கம்தானா வேறு ஏதாவதா என்று எனக்கு நிச்சயம் இல்லை. மகளிடம் காட்டிக் கேட்க வெட்கமாக இருக்கிறது, தன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று கண்டால் ஏசுவாள். இந்த வேலை தெரிந்த யாராவது வாசித்தால், பிழையாக உள்ளதைத் தயவுசெய்து பார்த்துத் திருத்திவிடுங்கள்.